மலைப்பாம்பு குட்டியா, கண்ணாடி விரியனா? 200 ஆண்டுகளுக்கு முன்பே பதில் தேடிய டாக்டர்... யார் இந்த பேட்ரிக் ரஸல்?

மழைக்காலம் வந்தாலே கேளம்பாக்கம், படூர், தாழம்பூர், புதுப்பாக்கம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் பாம்பு போட்டோ சுற்ற ஆரம்பித்துவிடும். பைக் நிறுத்தும் இடத்திலோ, தண்ணீர்த் தொட்டி ஓரத்திலோ சுருண்டு கிடக்கும் ஒரு தடித்த பாம்பு. பழுப்பு நிறம், உடம்பு முழுக்க திட்டுத் திட்டாகக் கோலம். உடனே குரூப்பில் ரெண்டு கட்சி ஆகிவிடும். மலைப்பாம்பு குட்டிதான், ஒண்ணும் பண்ணாது, கோணிப்பையில் பிடித்துப் போடுங்க என்று ஒரு கட்சி. எதுவாக இருந்தாலும் அடித்துக் கொல்லுங்க என்று இன்னொரு கட்சி.

ரெண்டுமே ஆபத்துதான். மலைப்பாம்பு குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பது கண்ணாடி விரியனாக இருந்தால் உயிரே போகலாம். விரியன் என்று நினைத்து அடித்துக் கொல்வது மலைப்பாம்பாக இருந்தால், சட்டத்தின் உச்சபட்ச பாதுகாப்பில் இருக்கிற ஓர் உயிரைக் கொன்றதாக ஆகிவிடும்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. இதே வங்கக் கடலோரத்தில், 1780-களில், எந்தப் பாம்பில் விஷம் இருக்கிறது, எதில் இல்லை என்ற ஒரே கேள்வியோடு உட்கார்ந்தார் ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். கண்ணாடி விரியனை இங்கிலீஷில் 'ரஸல்ஸ் வைப்பர்' என்கிறோமே, அந்த ரஸல்தான் இவர். பெயர் எல்லாருக்கும் தெரியும், ஆள் யார் என்று பலருக்கும் தெரியாது. வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த பேட்ரிக் ரஸல்?

1720-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர் பேட்ரிக் ரஸல். அப்பா வழக்கறிஞர். பெரிய குடும்பம். எடின்பரோவில் மருத்துவம் படித்தார், 1750-ல் அபர்தீனில் எம்.டி. பட்டம் வாங்கினார்.

அவருடைய அப்பாவுக்கு இன்னொரு மனைவி மூலம் பிறந்த அண்ணன் அலெக்சாண்டர் ரஸல். அவரும் டாக்டர். இன்றைய சிரியாவில் இருக்கும் அலெப்போ நகரத்தில், அங்கே வியாபாரம் செய்துவந்த பிரிட்டிஷ் லெவன்ட் கம்பெனிக்கு மருத்துவராக இருந்தார். படிப்பு முடிந்ததும் தம்பி பேட்ரிக் அண்ணனிடமே போய்ச் சேர்ந்தார். 1753-ல் அண்ணன் ஊர் திரும்ப, அந்த வேலை தம்பி கைக்கு வந்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய 18 வருஷம் அவருக்கு அலெப்போதான் ஊர்.

அலெப்போவில் கற்றது என்ன?

1760 முதல் 1762 வரை அலெப்போவைப் பிளேக் நோய் புரட்டிப் போட்டது. நோய் எப்படிப் பரவுகிறது என்றே உலகத்துக்குத் தெரியாத காலம். பாக்டீரியா என்ற சொல்லே கிடையாது. ரஸல் ஊரைவிட்டு ஓடவில்லை. நோயாளிகளைக் கவனித்தார், ஒவ்வொருவருக்கும் என்ன அறிகுறி, எத்தனை நாளில் என்ன ஆனது என்று குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகள்தான் 1791-ல் பிளேக் பற்றிய தடிமனான புத்தகமாக வந்தது.

அந்த ஊர் மக்கள் வழக்கமாகச் செய்துவந்ததையும் அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. அரபு மக்களிடையே பெரியம்மைக்கு 'குத்தி விடுகிற' பழைய வழக்கம் இருந்தது. அது எப்படி நடக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று விசாரித்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1768-ல் அது வெளியானது. ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு ஏறக்குறைய 30 வருஷம் முன்பு இது.

அலெப்போவின் ஆளுநர், மரியாதையின் அடையாளமாக அவருக்குத் தலைப்பாகை அணியும் உரிமை கொடுத்தார். வெளிநாட்டு டாக்டர் ஒருவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

பிற்பாடு பாம்புக்கு வந்தபோதும் இந்த ரெண்டு பழக்கங்களை அவர் விடவில்லை. ஒன்று, உள்ளூர்க்காரன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. ரெண்டு, கேட்டதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்ப்பது.

இந்தியாவுக்கு ஏன் வந்தார்?

பாம்பைத் தேடி அவர் இங்கே வரவில்லை. 1770-களின் தொடக்கத்தில் லண்டன் திரும்பி மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். 1777-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அப்போது அவருடைய தம்பி கிளாட் ரஸலுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியில் விசாகப்பட்டினத்தின் நிர்வாகப் பொறுப்பு கிடைத்தது. குடும்பத்தோடு துணைக்குக் கிளம்பினார் பேட்ரிக். 1781-ல் புறப்பட்டபோது வயது 50-ஐத் தாண்டிவிட்டது. நம்மில் பலர் ரிட்டயர்மென்ட் பற்றி யோசிக்கிற வயசு.

அந்தக் காலத்தில் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்தவர் யோஹான் கோனிக். தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தாவரங்களைச் சேகரித்துப் பெயர் வாங்கியவர். 1785-ல் கோனிக் இறந்ததும் அந்தப் பொறுப்பு ரஸலுக்கு வந்தது. செடிகொடிகளைப் பதிவு செய்வதுதான் முக்கிய வேலை. ஆனால் டாக்டரான அவர் கண்ணில் பட்டது வேறொரு விஷயம். பாம்பு கடித்து மக்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பாம்பு கடித்தது என்பதில்கூட யாருக்கும் தெளிவு இல்லை. கம்பெனி அதிகாரிகளுக்கும் தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது.

பல்லைப் பார்த்தார்!

ஐரோப்பாவில் அப்போது லின்னேயஸ் வகுத்த முறைதான் வேதம். பாம்பின் வயிற்றுச் செதிலையும் வால் செதிலையும் எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்து இனம் பிரிப்பார்கள். ரஸலும் எண்ணினார். ஒரே வகைப் பாம்பிலேயே எண்ணிக்கை மாறி மாறி வந்தது. நிறத்தையும் முழுசாக நம்ப முடியவில்லை. குட்டிக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு ஒரு நிறம், தோல் உரிக்கும் முன்பு ஒரு நிறம்.

அதனால் அவர் வாயைத் திறந்து பார்த்தார். விஷமில்லாத பாம்புகளுக்கு மேல்தாடையின் வெளிப்பக்கம் சிறு பற்கள் வரிசையாக இருக்கும், உள்பக்கமும் வரிசை இருக்கும். நல்ல பாம்பு, விரியன் போன்றவற்றில் அந்த வெளி வரிசைக்குப் பதிலாக முன்பக்கம் நீண்ட நச்சுப்பற்கள் இருக்கும். இதை அவர் ஒவ்வொரு பாம்பிலும் சரிபார்த்தார். 40-க்கும் அதிகமான பாம்புகளை விவரித்த அவருடைய முதல் தொகுதியில், நச்சுப்பல் உள்ளவை சிறு பகுதிதான். பாம்பென்றாலே விஷம் என்று ஊரே நம்பிய காலத்தில் இது பெரிய செய்தி.

1787-ல், சோழமண்டலக் கடற்கரையின் விஷப் பாம்புகள் பற்றி அவர் எழுதிய ஒரு குறிப்பை மதராஸ் அரசே அச்சிட்டது. இன்றைய அரசு விழிப்புணர்வு நோட்டீஸுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம்.

'பொட' என்ற ஒரே பெயர்

இங்கேதான் நம்ம மலைப்பாம்பு உள்ளே வருகிறது.

பாம்புகளுக்கு ரஸல் லத்தீன் பெயர் வைக்க அவசரப்படவில்லை. உள்ளூர் தெலுங்குப் பெயரையே தலைப்பாகப் போட்டார். கண்ணாடி விரியனுக்கு அவர் பதிவு செய்த பெயர் 'காடுக ரேகுல பொட'. காடுக என்றால் கண்மை, ரேகு என்றால் இதழ், பொட என்றால் புள்ளி அல்லது திட்டு. கண்மையால் இதழ் வரைந்த மாதிரி புள்ளிகள் உள்ள பாம்பு. அந்தப் பாம்பை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று புரியும்.

மலைப்பாம்புக்கு அவர் பதிவு செய்த பெயர்? 'பெத்த பொட'. அதாவது பெரிய பொட.

கவனித்தீர்களா? உயிரை எடுக்கிற பாம்புக்கும், விஷமே இல்லாத பாம்புக்கும் அந்த ஊரில் ஒரே குடும்பப் பெயர். ரெண்டுமே தடித்த உடம்பு, ரெண்டுமே திட்டுத் திட்டாக இருக்கும், ரெண்டுமே சத்தமாகச் சீறும். பார்த்த கண்ணுக்கு ரெண்டும் உறவுக்காரர்கள். இன்றைய வாட்ஸ்அப் குரூப் சண்டைக்கும் காரணம் அதேதான். ரஸல் செய்த வேலை, அந்த ஒரே பெயருக்குள் இருந்த ரெண்டையும் பிரித்துக் காட்டியது. பெத்த பொடவின் வாயில் நிறையப் பற்கள், ஆனால் ஒன்றுகூட நச்சுப்பல் இல்லை. காடுக ரேகுல பொட, நல்ல பாம்புக்கு இணையாகப் பயப்பட வேண்டியது.

தஞ்சாவூர் மாத்திரை வேலை செய்ததா?

அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்குப் பெரிய பெயர் வாங்கியிருந்தது 'தஞ்சாவூர் மாத்திரை'. ஆர்சனிக் கலந்த மருந்து. ஐரோப்பிய டாக்டர்களே அதைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ரஸல் அதைக் கேலி செய்யவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. கோழிகளையும் நாய்களையும் பாம்பு கடிக்கவிட்டு, சிலவற்றுக்கு மருந்து கொடுத்து, சிலவற்றுக்குக் கொடுக்காமல் பார்த்தார்.

இன்றைய கண்ணோட்டத்தில் அது கொடூரமான சோதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதிலிருந்து கிடைத்த பாடம் முக்கியமானது. உயிரை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு அந்த மாத்திரைக்கு சக்தி இருப்பதாக அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கடித்த எல்லாருமே சாவதில்லை, பாம்பு சில சமயம் குறைவாகவே விஷத்தைச் செலுத்தும். அப்படித் தானாகப் பிழைத்தவர்களின் பெருமை எல்லாம் மாத்திரையின் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. பச்சிலை, மந்திரம், விஷக்கல் பற்றிய கதைகளுக்கு இன்றைக்கும் இதே கணக்குதான்.

உண்மையான விஷமுறிவு மருந்து வர அதற்கப்புறம் 100 வருஷம் ஆனது. 1890-களில் பிரான்ஸின் ஆல்பர்ட் கால்மெட் தான் அதை உருவாக்கினார்.

கடைசி நாட்கள்... ஒட்டிக்கொண்ட பெயர்

1789-ல் ரஸல் இந்தியாவைவிட்டுக் கிளம்பினார். லண்டனில் உட்கார்ந்து தன் குறிப்புகளைப் புத்தகமாக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி செலவில், வண்ணப் படங்களோடு இந்தியப் பாம்புகள் பற்றிய முதல் தொகுதி 1796-ல் வந்தது. அடுத்த வருஷமே ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர், காடுக ரேகுல பொடவுக்கு ரஸலின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார். 1803-ல் விசாகப்பட்டினத்து மீன்கள் 200 வகை பற்றி ரெண்டு தொகுதிகள் வந்தன. நல்ல பாம்பு படத்தை எப்படி விரிக்கிறது என்று 1804-ல்கூட ஆராய்ந்துகொண்டிருந்தார். 1805 ஜூலை 2-ல் லண்டனில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாம்புப் புத்தகத்தின் ரெண்டாம் தொகுதி அவர் இறந்த பிறகுதான் 1809-ல் முழுமை அடைந்தது.

இந்தியப் பாம்பியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் பெயர் நிலைத்தது என்னவோ அவர் பயந்து எச்சரித்த பாம்பின் மேல்தான்.

சரி, இதற்கும் நம்ம ஏரியாவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய், ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் திரும்பினால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். தொடங்கிய ஆண்டு 1978. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். ரஸலுக்குக் கிடைக்காத மருந்தின் மூலப்பொருள் நம்ம பக்கத்தில் இருந்துதான் போகிறது.

கிண்டி பாம்புப் பண்ணைகூட 1972-ல் கிண்டிக்கு வருவதற்கு முன்பு, தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்ததுதான்.

மலைப்பாம்பு விஷயத்திலும் இருளர்களின் கைவண்ணம் கடல் தாண்டியது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செல்லப் பிராணியாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகளை, பெரிதானதும் சமாளிக்க முடியாமல் காட்டில் விட்டார்கள். அவை பெருகி அங்குள்ள முயல், மான் எல்லாவற்றையும் தின்று தீர்த்தன. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற ரெண்டு இருளர்களை அங்கே அழைத்துப் போனார்கள். முதல் ரெண்டு வாரத்துக்குள் 16 அடி நீளப் பெண் பாம்பு உட்பட 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மீட்கப்பட்ட மலைப்பாம்பு ஏன் சீறுகிறது?

யாரோ வளர்த்துவிட்டுக் கைவிட்ட மலைப்பாம்பு, அல்லது வீட்டிலிருந்து மீட்கப்பட்டது, பெரும்பாலும் கோபமாகத்தான் இருக்கும். உண்மையில் அது கோபம் இல்லை, பயம். சின்ன பெட்டியில் அடைத்தது, ஆள் மாற்றி ஆள் கையில் எடுத்தது, உடம்பில் உண்ணி, வாயில் புண், பட்டினி என ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆகவே மீட்பு மையங்களில் முதலில் செய்வது அதைத் தனியாக, தொந்தரவு இல்லாமல் விடுவதுதான்.

- ஒளிந்துகொள்ள இருட்டான பெட்டி, தண்ணீர், ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. அவ்வளவுதான் தேவை.
- சில நாட்கள் கையால் தொடவே கூடாது. மருத்துவப் பரிசோதனையை கால்நடை மருத்துவரிடம் விட வேண்டும்.
- சாப்பிட்ட பிறகு எடுத்தால் கக்கிவிடும். செரிக்கும்வரை தொடக்கூடாது.
- தூக்கும் முன் கொக்கியால் மெதுவாகத் தொட வேண்டும். இரை வரவில்லை என்று அதற்குப் புரிய வைக்கத்தான் இது.
- பெரிய பாம்பு என்றால் ரெண்டு பேர் கட்டாயம். கழுத்தில் போட்டு செல்ஃபி எடுப்பது தற்கொலைக்குச் சமம்.
- சுற்றிக்கொண்டால் வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். கடித்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பற்கள் உள்பக்கம் வளைந்திருப்பதால் சதை கிழியும். விட்டதும் சோப்பு போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பயிற்சி பெற்றவர்களுக்கு. நாம் வீட்டில் செய்து பார்ப்பதற்கு இல்லை. இந்திய மலைப்பாம்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வளர்த்தாலோ, பிடித்தாலோ, கொன்றாலோ 3 முதல் 7 வருஷம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு வகை என்றாலும், சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவற்றை 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

வீட்டுப் பக்கம் பாம்பு வந்தால்?

கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்கான முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாக இருக்கும், செதில் சொரசொரப்பாக இருக்கும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், தோல் வழுவழுப்பாக மின்னும், தலையில் அம்பு முனை மாதிரி அடையாளம் தெரியும். ஆனால் இதை வைத்து நீங்களே முடிவெடுத்துக் கிட்டே போகாதீங்க. டார்ச் வெளிச்சத்தில், பாதி உடம்பு கல்லுக்கு அடியில் இருக்கும்போது அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

- தூரத்திலிருந்து கண்காணியுங்கள், குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்கள்.
- தீயணைப்புத் துறை 101 அல்லது வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.
- கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-க்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.
- எந்தப் பாம்பு என்று காட்ட அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். தூரத்திலிருந்து எடுத்த போட்டோ போதும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே தரும் மருந்து அந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத்தான்.

இந்தியாவில் வருஷத்துக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்கிறது 2000 முதல் 2019 வரையிலான கணக்கை எடுத்த ஆய்வு. கண்ணாடி விரியன் அதில் முக்கியக் குற்றவாளி.

இவ்வளவு கவனமாகப் பாம்புகளைப் பிரித்த ரஸலே, நிறத்தை மட்டும் நம்பவில்லை, செதிலை மட்டும் நம்பவில்லை. அப்படியிருக்க, செல்போன் ஸ்க்ரீனில் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு 'இது மலைப்பாம்பு குட்டிதான், தூக்குங்க' என்று யாராவது சொன்னால், கையை நீட்டாதீங்க. போனை எடுத்து 101-ஐ அழுத்துங்க.